குன்றிலிருந்து இறங்கியவர்களும் அவர்களைக் கைவிடாத தலைவரும்

எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



வில்பட்டியிலும் சுற்றுப்பக்கத்திலும் இருந்து ஜும்ஆவுக்கு வருகிற நம்மில் பலர் நாலு பேரை வைத்து வேலை வாங்குகிறவர்கள். ஒருவர் பூண்டுத் தோட்டத்தில் களையெடுக்க ஆள் வைத்திருக்கிறார். ஒருவர் கேரட்டும் உருளைக்கிழங்கும் ஏற்றி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வண்டி அனுப்புகிறார். ஒருவர் கட்டட மேஸ்திரி. ஒருவர் சீசனுக்கு வரும் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுகிறார். யாருமே இல்லை என்றாலும் வீட்டில் மனைவி மக்கள் இருக்கிறார்கள். ஒவ்வொருவரும் பொறுப்பாளர்கள், தம் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார்கள் என்ற கருத்தில் வரும் நபிமொழியை நாம் எல்லோரும் அறிவோம். புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸ் அது.

ஆகவே இன்றைய தலைப்பு நம் எல்லோருக்கும் உரியது. நம்மிடம் வேலை செய்பவர் ஒரு பெரிய தவறு செய்துவிட்டால், அதனால் நமக்கு நஷ்டமும் வந்துவிட்டால், அடுத்த நாள் காலையில் அவரிடம் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்?

போர்க்களத்திலிருந்து எதை எடுப்பது?

இன்று செல்போனைத் திறந்தால் ‘இராணுவத் தளபதியைப் போலத் தொழில் நடத்துவது எப்படி’ என்று வகுப்பு எடுக்கிறார்கள். கட்டுப்பாடு, வேகம், எதிரியை முந்துவது என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். அதில் நல்லதும் உண்டு. ஆனால் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். வியாபாரத்தில் எதிரி என்று யாரும் கிடையாது. பக்கத்துக் கடைக்காரர் நம் சகோதரர். வாடிக்கையாளர் நம்மை நம்பி வருகிறவர். எதிரியிடம் எப்படி நடப்பது என்பதைப் போர்க்களத்திலிருந்து கடைக்குக் கொண்டுவந்தால் கடை கெடும், ஈமானும் கெடும்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறு. ஒரு தலைவர் தம்முடைய சொந்த ஆட்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதைத்தான் எடுக்க வேண்டும். அதற்கு உஹதுப் போரைவிடப் பெரிய பாடம் இல்லை. பத்ரில் கிடைத்தது வெற்றி. வெற்றி கிடைத்த அன்று எல்லோரும் நல்ல முதலாளிகள்தான். ஒருவரின் தலைமை எப்படிப்பட்டது என்பது இழப்பு வந்த அன்றுதான் தெரியும்.

புறப்படும் முன் மஷ்வரா

ஹிஜ்ரி 3, ஷவ்வால் மாதம். கி.பி. 625. மக்காவிலிருந்து குறைஷிகள் 3000 பேருடன் வருகிறார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தோழர்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். மதீனாவுக்குள்ளேயே இருந்து தற்காத்துக்கொள்வது நல்லது என்பது அவர்களுடைய கருத்தாக இருந்தது. ஆனால் பத்ரில் கலந்துகொள்ளாத இளைஞர்கள், வெளியே சென்று போரிட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். அதிகம் பேருடைய விருப்பமும் அதுவாகவே இருந்தது. பெருமானார் (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு, உள்ளே சென்று கவசம் அணிந்து வந்தார்கள்.

அதற்குள் இளைஞர்களுக்குக் கவலை வந்துவிட்டது. நாயகத்தின் விருப்பத்திற்கு மாறாக வற்புறுத்திவிட்டோமே என்று வருந்தி, தங்கள் விருப்பப்படியே செய்யுங்கள் என்றார்கள். ஆயுதம் அணிந்த ஒரு நபி, அல்லாஹ் தீர்ப்பளிக்கும் வரை அதைக் களைவது தகாது என்று நாயகம் (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேட்டார்கள். முடிவெடுத்த பிறகு உறுதியாக நின்றார்கள். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முடிவெடுக்கும் முன் யாரையும் கேட்பதில்லை. முடிவெடுத்த பிறகோ, போகிற வருகிறவர் சொல்வதையெல்லாம் கேட்டு மணிக்கு ஒரு முறை மாற்றுகிறோம். காலையில் பீன்ஸ் பறிக்கச் சொன்ன ஆளை பத்து மணிக்கு உரம் போடச் சொல்லி, மதியம் ‘ஏன் பீன்ஸ் பறிக்கவில்லை?’ என்று கேட்கிறோம்.

‘பார்த்துச் செய்’ என்று சொல்லவில்லை

வழியிலேயே அப்துல்லாஹ் பின் உபை 300 பேருடன் திரும்பிப் போய்விட்டான். மீதம் 700 பேர். உஹது மலையடிவாரத்தில் ஒரு சிறு குன்று இருந்தது. அதன் வழியாக எதிரியின் குதிரைப்படை பின்பக்கம் வந்துவிடும் ஆபத்து இருந்தது. எனவே 50 அம்பெய்வோரை அங்கே நிறுத்தி, அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்களை அமீராக ஆக்கினார்கள்.

அந்த ஐம்பது பேருக்கும் நாயகம் (ஸல்) அவர்கள் கொடுத்த உத்தரவைக் கவனியுங்கள். எங்களைப் பறவைகள் கொத்திச் செல்வதைக் கண்டாலும் இங்கிருந்து நகராதீர்கள். நாங்கள் எதிரிகளை வென்று மிதிப்பதைக் கண்டாலும் நகராதீர்கள். நான் ஆளனுப்பும் வரை இங்கேயே இருங்கள் என்ற கருத்தில் அந்த உத்தரவு புகாரியில் பதிவாகியுள்ளது.

எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும், எப்போது முடியும் என்ற மூன்றும் அதில் இருந்தன. இன்னொன்றும் இருந்தது. தோல்வியைக் கண்டால் பயத்தில் இறங்கத் தோன்றும், வெற்றியைக் கண்டால் ஆசையில் இறங்கத் தோன்றும் என்று இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள்.

நாம் எப்படி உத்தரவு கொடுக்கிறோம்? ‘பார்த்துச் செய்ப்பா’ என்கிறோம். எதைப் பார்ப்பது, எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது? ஒன்றும் சொல்வதில்லை. பூண்டு முழுக்கக் காய்ந்துவிட்டதா என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று சொல்லித்தராமலே சிப்பம் கட்டச் சொல்கிறோம். வடுகபட்டிச் சந்தையில் ஈரப் பூண்டு என்று விலை குறைந்தால் கட்டியவர் மீது பாய்கிறோம். சகோதரர்களே! நம் இடங்களில் நடக்கும் தவறுகளில் பாதி, ‘பார்த்துச் செய்’ என்ற சொல்லில் பிறந்தவை. அவை வேலைக்காரரின் கணக்கில் எழுதப்பட வேண்டியவை அல்ல.

தவறு நடந்தது

உஹதில் உத்தரவு தெளிவாக இருந்தது. இருந்தும் தவறு நடந்தது. எதிரிகள் ஓடத் தொடங்கியதும் குன்றில் இருந்தவர்களில் பெரும்பாலோர், போர் முடிந்தது, கனீமத் பொருள்களைச் சேகரிப்போம் என்று இறங்கினார்கள். நாயகத்தின் உத்தரவை மறந்துவிட்டீர்களா என்று அப்துல்லாஹ் பின் ஜுபைர் (ரலி) அவர்கள் தடுத்தும் கேட்கவில்லை. அவர்களும் இன்னும் சிலரும் மட்டும் அங்கேயே நின்றார்கள், நின்ற இடத்திலேயே ஷஹீதானார்கள்.

அன்று எதிரணியில் இருந்த காலித் பின் வலீத் அந்தக் காலி இடத்தைக் கண்டு குதிரைப்படையுடன் சுற்றி வந்தார். வெற்றி கைமாறியது. 70 தோழர்கள் ஷஹீதானார்கள். 700 பேரில் 70 பேர் என்றால் பத்தில் ஒருவர். சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்கள் ஷஹீதானார்கள். நாயகம் (ஸல்) அவர்களின் முகத்தில் காயம், பல் உடைந்தது.

அந்தக் குழப்பத்தில் பலர் ஓடியபோது நாயகம் (ஸல்) அவர்கள் பின்னால் நின்று அவர்களை அழைத்துக்கொண்டிருந்ததை ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 153-வது வசனம் குறிப்பிடுகிறது. பின்னால் என்றால் எதிரிக்கு மிக அருகில். ஆபத்து வந்தபோது அந்தத் தலைவர் நின்ற இடம் அது.

வானிலிருந்து வந்த மூன்று கட்டளைகள்

இனி என்ன செய்ய வேண்டும்? எந்தப் படையாக இருந்தாலும் இப்படிப்பட்ட மீறலுக்குக் கடும் தண்டனை இருக்கும். நாமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒரு மூட்டை கேரட் சேதமானதற்கே நாலு பேர் முன்னால் அவருடைய அப்பன் பாட்டன் வரை இழுத்துப் பேசுகிறோம்.

அல்லாஹ் அதே அத்தியாயத்தின் 159-வது வசனத்தை இறக்கினான். அதன் கருத்து இதுதான். அல்லாஹ்வின் அருளால்தான் நபியே, நீங்கள் இவர்களிடம் மென்மையாக நடந்தீர்கள். கடுமையானவராக, கல்நெஞ்சராக இருந்திருந்தால் உங்களைச் சுற்றியிருந்தவர்கள் கலைந்து போயிருப்பார்கள். ஆகவே அவர்களை மன்னியுங்கள், அவர்களுக்காகப் பாவமன்னிப்புத் தேடுங்கள், காரியங்களில் அவர்களிடம் ஆலோசனை செய்யுங்கள். பிறகு முடிவெடுத்துவிட்டால் அல்லாஹ்வின் மீது பொறுப்பை ஒப்படையுங்கள்.

மன்னியுங்கள் என்பது முதல் படி. அவர்களுக்காக துஆச் செய்யுங்கள் என்பது இரண்டாவது. யாருக்காக நாம் துஆச் செய்கிறோமோ அவர் மீது நம் மனதில் வெறுப்பு தங்காது. மூன்றாவதுதான் நம்மைத் திகைக்க வைக்க வேண்டும். அவர்களிடமே மீண்டும் ஆலோசனை கேளுங்கள்!

யோசித்துப் பாருங்கள். ஊருக்கு வெளியே சென்று போரிட்டதே மஷ்வராவில் எடுத்த முடிவுதான். நாமாக இருந்தால், ‘உங்களிடம் கேட்டதே தப்பு, இனிமேல் நான் சொல்வதுதான் முடிவு’ என்றிருப்போம். அல்லாஹ் அந்தக் கதவை மூடவில்லை. இரண்டு ஆண்டுகளில் அதன் பலன் தெரிந்தது. ஹிஜ்ரி 5-ல் பெரும்படை மதீனாவை நோக்கி வந்தபோது, அகழ் தோண்டலாம் என்ற யோசனையை ஸல்மான் ஃபாரிஸி (ரலி) அவர்கள் சொன்னார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் தாமே மண் சுமந்தார்கள். மதீனா காக்கப்பட்டது. உஹதுக்குப் பிறகு தோழர்களின் வாயை அடைத்திருந்தால் அந்த யோசனையைச் சொல்ல யார் முன்வந்திருப்பார்?

மறுநாள் காலை

உஹதுக்கு மறுநாளே இன்னொரு செய்தி இருக்கிறது. எதிரிகள் திரும்பி வந்து தாக்கலாம் என்ற நிலை. அவர்களைப் பின்தொடர்ந்து செல்ல நாயகம் (ஸல்) அவர்கள் அழைப்பு விடுத்தார்கள். யாரை அழைத்தார்கள்? நேற்று உஹதில் இருந்தவர்கள் மட்டுமே வர வேண்டும் என்றார்கள். தந்தையின் கட்டளையால் சகோதரிகளைக் காக்க வீட்டில் தங்கிவிட்ட ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் கேட்டுக்கொண்டதால் அவர்களுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது.

புதிய ஆட்களைத் தேடவில்லை. நேற்றுத் தடுமாறியவர்களிடமே இன்றைய வேலையைக் கொடுத்தார்கள். அவர்களும் காயங்களோடு வந்தார்கள். காயம்பட்ட இரு சகோதரர்கள், வாகனம் இல்லாமல், காயம் குறைந்தவர் மற்றவரை இடையிடையே சுமந்துகொண்டு ஹம்ராவுல் அஸத் வரை சென்றதாக வரலாற்று நூல்கள் சொல்கின்றன. காயம் பட்ட பிறகும் அழைப்பை ஏற்றவர்கள் என்று 172-வது வசனத்தில் அல்லாஹ் அவர்களைப் புகழ்கிறான். ஒரே நாளில், தடுமாறியவர்கள் புகழப்பட்டவர்களாக மாறினார்கள். தலைவர் அவர்களைக் கைவிடாததால் அந்த வாய்ப்பு கிடைத்தது.

நம் மண்ணிலும் பார்க்கிறோம்

இந்த மலையின் அடிவாரத்தில் இருக்கிறது விருப்பாட்சி. 1772-ல் காளையார்கோவில் போரில் கணவரையும் சீமையையும் இழந்த சிவகங்கை ராணி வேலு நாச்சியார், கோபால நாயக்கரின் ஆதரவில் அங்கேதான் தங்கினார். தோற்ற படையின் மருது சகோதரர்களை அவர் விலக்கவில்லை. அவர்களையே உடன் வைத்துக்கொண்டு, ஹைதர் அலியின் உதவியையும் பெற்று, 1780-ல் சிவகங்கையை மீட்டார். தோற்றவர்களோடு எட்டு ஆண்டுகள் பொறுமையாக இருந்ததன் பலன் அது.

நம் காலத்திலும் ஒன்று உண்டு. 1979 ஆகஸ்ட் 10. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எஸ்.எல்.வி-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள். கணினி நிறுத்தச் சொன்னதையும் மீறி, நிபுணர்களின் பேச்சைக் கேட்டு ஏவ முடிவு செய்தது தாமே என்று அவரே பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். அன்று பத்திரிகையாளர்கள் முன் போய் அமர்ந்தவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். தோல்விக்குத் தாமே பொறுப்பேற்றார். என் குழு அடுத்த ஆண்டுக்குள் வெல்லும் என்றார். திட்டத்தைக் கலாமிடமிருந்து பறிக்கவில்லை. 1980 ஜூலை 18-ல் அதே குழு ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் நிறுத்தியது. அன்று பத்திரிகையாளர்களிடம் பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார் தவான். ஏச்சு வரும்போது முன்னால் நின்றார், புகழ் வரும்போது பின்னால் நகர்ந்துகொண்டார்.

நான் செய்த தவறு

சகோதரர்களே! இதை உங்களுக்குச் சொல்லும் தகுதி எனக்குக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் வேறோர் ஊரில் இமாமாக இருந்தேன். ரமளான் மாதம். தினமும் நோன்பு திறக்கும் நேரத்தைப் பலகையில் நான்தான் எழுதி வைப்பேன். ஒரு நாள் வானம் மூடியிருந்தது. மோதினார் பாங்கு சொன்னார், ஊரே நோன்பு திறந்தது. கஞ்சி குடித்து முடிக்கும் நேரத்தில், பத்து நிமிடம் முந்திவிட்டது என்று தெரிந்தது. அத்தனை பேரும் அந்த நோன்பைக் களாச் செய்ய வேண்டிய நிலை.

ஜமாஅத் முழுவதும் பார்த்திருக்க, அந்த இளைஞரை நான் திட்டினேன். ‘ஒரு கடிகாரம் பார்க்கத் தெரியாதா தம்பி?’ என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லாமல் தலைகுனிந்து நின்றார். அந்த வாரமே ஊரை விட்டுப் போய்விட்டார். பிறகு ஒரு மாணவன் தன் செல்போனில் எடுத்திருந்த அன்றைய பலகையின் படத்தைக் காட்டினான். 6.35 என்று இருக்க வேண்டிய இடத்தில் 6.25 என்று இருந்தது. கையெழுத்து என்னுடையது.

அடுத்த ஜும்ஆவில் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருக்குப் போன் செய்தும் கேட்டேன். ‘பரவாயில்லை ஹஜ்ரத்’ என்றார். ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். திரும்ப வரவில்லை. நல்ல குரல் அவருக்கு. இன்றும் பாங்கு கேட்கும்போது அவர் நினைவு வருகிறது. கடுமையாக நடந்தால் கலைந்து போவார்கள் என்ற வசனத்தை மதரஸாவில் ஓதியிருக்கிறேன். அதன் பொருள் அன்றுதான் எனக்கு விளங்கியது.

மன்னிப்பது என்றால் தவறை மறைப்பதா?

ஒரு சந்தேகம் வரலாம். எல்லாவற்றையும் மன்னித்துக்கொண்டே இருந்தால் தொழில் நடக்குமா? குர்ஆன் தவறை மறைக்கவில்லை. கருத்து வேறுபட்டீர்கள், உத்தரவை மீறினீர்கள், உங்களில் சிலர் உலகத்தை நாடினீர்கள் என்ற கருத்தில் 152-வது வசனம் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே வசனத்திலேயே, அல்லாஹ் உங்களை மன்னித்துவிட்டான் என்றும் சொல்கிறது. இறங்கியவர்கள் யார் யார் என்று ஒரு பெயரைக்கூடச் சொல்லவில்லை. தவறைச் சொல்ல வேண்டும், ஆளை அவமானப்படுத்தக் கூடாது.

இன்னொன்று. தவறியவரும் துரோகம் செய்தவரும் ஒன்றல்லர். உஹதுச் சோதனை முஃமின்களையும் முனாஃபிக்குகளையும் பிரித்துக் காட்டியது என்று 166, 167-வது வசனங்கள் கூறுகின்றன. எடையில் திருடுகிறவரிடம் தராசைக் கொடுத்துக்கொண்டே இருக்கச் சொல்லவில்லை. அவரைப் பொறுப்பிலிருந்து நீக்கலாம். ஆனால் உழைத்த நாளுக்குரிய கூலியைப் பிடித்து வைக்க உரிமையில்லை.

கூலியில் நஷ்டத்தைக் கழிப்பது பற்றியும் சொல்ல வேண்டும். நாள் கூலிக்கு வேலை செய்பவரின் கையில் இருக்கும் நம் பொருள் அமானத் என்பது ஃபிக்ஹின் சட்டம். அலட்சியமோ அத்துமீறலோ இல்லாமல் ஏற்படும் சேதத்திற்கு அவர் பொறுப்பாளி அல்லர். மழையில் சறுக்கிக் கூடை கவிழ்ந்தால் அது முதலாளியின் நஷ்டம். சனிக்கிழமை கூலி எண்ணும்போது அதைக் கழித்தால் நாம் எடுப்பது பிறர் பொருள். அந்தக் கணக்கு மறுமையில் திரும்ப வரும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

அடுத்த முறை நம்மிடம் வேலை செய்பவர் தவறினால் மூன்று காரியங்களைச் செய்வோம்.

முதலாவது, வாயைத் திறக்கும் முன் நாம் கொடுத்த உத்தரவைச் சரிபார்ப்போம். பலகையில் எழுதியது யார் என்று பார்ப்போம்.

இரண்டாவது, தவறைத் தனியாக அழைத்துச் சொல்வோம். அவருக்குக் குடும்பம் இருக்கிறது, தெருவில் ஒரு முகம் இருக்கிறது. அல்லாஹ் மறைத்த பெயரை நாம் சந்தையில் கூவ வேண்டாம்.

மூன்றாவது, அடுத்த வேலையை அவரிடமே கொடுப்போம். ஒட்டன்சத்திரம் போக வேண்டிய மூட்டையை மதுரை வண்டியில் ஏற்றியவரிடமே நாளைய லோடையும் ஏற்றச் சொல்லி, நாம் பக்கத்தில் நிற்போம். எங்கே தவறு வந்தது, இனி எப்படிச் செய்தால் வராது என்று அவரிடமே கேட்போம். அவர் சொல்லும் யோசனை நாளை நமக்கு ஓர் அகழாக அமையலாம்.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்கள், நாயகம் (ஸல்) அவர்கள் தம்மை ஒருமுறைகூட ‘சீ’ என்று சொன்னதில்லை என்று சாட்சி சொன்னார்கள். நம்மிடம் பத்தாண்டுகள் வேலை செய்தவரிடம் நம்மைப் பற்றி நாளை கேட்டால் என்ன சொல்வார்? வீட்டில் நம் மனைவி மக்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள்?

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் உள்ளவர்களிடம் மென்மையாக நடக்கும் உள்ளத்தை எங்களுக்குத் தருவாயாக. எங்கள் கடுமையால் மனம் உடைந்து விலகிப் போனவர்களின் மனங்களை ஆற்றி, அவர்களின் மன்னிப்பை எங்களுக்குப் பெற்றுத் தருவாயாக. எங்கள் தோட்டங்களிலும் கடைகளிலும் வீடுகளிலும் ஹலாலான பரக்கத்தைத் தருவாயாக. ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!